மஞ்சள் மாறாத வெள்ளி

யோரிட்டைப் பார்த்தாலே வீட்ஸ்கேவுக்கு வயிறு எரியும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. நெதர்லாந்தின் வடக்கு மூலையில் இருந்த அந்த ஆய்வகத்தில் எல்லாருக்கும் அது தெரியும், யோரிட்டைத் தவிர. அவனுக்கு இந்த மாதிரி விஷயங்கள் எதுவுமே உறைக்காது. அதுவும் அவளுக்கு எரிச்சல்தான்.

எரிச்சலுக்குக் காரணம் பன்னிரண்டு குப்பிகள். நான்காம் மாடியில் யோரிட்டின் அலமாரிக் கதவைத் திறந்தால் இருட்டுக்குள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு மஞ்சள் தண்ணீர், பால் விடாத தேநீரின் நிறத்தில். அதற்குள் மிதப்பது வெள்ளி. எந்தச் சாதாரண நுண்ணோக்கியிலும் அகப்படாத அளவுக்குப் பொடியான வெள்ளித் துகள்கள். கொதிக்கும் தண்ணீரில் வெள்ளி நைட்ரேட்டை விட்டு, சிட்ரேட் சேர்த்து, கலக்கிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகிவிடும். அதுவரை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கஷ்டம் அதற்குப் பிறகு. ஒவ்வொரு துகளையும் பக்கத்துத் துகளிலிருந்து தள்ளி நிறுத்துவது சிட்ரேட்தான். அது தளர்ந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் சாம்பல் பூத்து, அடியில் கறுப்பாக வண்டல் தங்கும். வெறும் சிட்ரேட்டை நம்பி வைத்த வெள்ளி சில மாதம் தாங்கினாலே பெரிய விஷயம். யோரிட்டின் வெள்ளி பதினாறு மாதமாக அப்படியே நின்றது.

வீட்ஸ்கேவின் வெள்ளி ஆறாம் வாரமே செத்தது. அவள் ஃப்ரீஸ்லாந்துக்காரி, பிடிவாதத்துக்குப் பேர்போன ஊர். மறுபடி செய்தாள். அதே சீசாவிலிருந்து வெள்ளி நைட்ரேட், அதே தண்ணீர், அதே சூடு, அதே வேகத்தில் கலக்கல். யோரிட்டின் நோட்டுப் புத்தகத்தை வாங்கி வரிக்கு வரி பார்த்துச் செய்தாள். அவன் செய்யாததையும் செய்தாள்: புதுக் குப்பிகளை வரவழைத்து, ஒரு நாள் முழுக்க அமிலத்தில் ஊறவைத்து, பத்துத் தடவை அலசி, தூசி படாமல் கவிழ்த்துக் காயவைத்தாள். அந்தப் பக்கம் யோரிட் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்வான், பாதி நாள் கையுறைகூடப் போடாமல். ஐந்து தடவை செய்தாள். ஐந்து தடவையும் சாம்பல்.

தன் குப்பி சாகிற காலையில் அவள் நேராக அவன் அலமாரியைப் போய்த் திறந்து பார்ப்பாள். அவனுடையதும் செத்திருக்காதா என்ற ஆசை. பன்னிரண்டும் மஞ்சளாக நின்று அவளைப் பார்க்கும்.

பத்து மணிக் காபிக்கு எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்வது அங்கே வழக்கம். பேராசிரியர் ரெய்ண்டரும் வருவார். ஒல்லியான, உயரமான மனுஷர். காபிக்கு ஒரே ஒரு பிஸ்கட்தான் எடுப்பார், அடுத்தவரையும் இரண்டாவது எடுக்க விடமாட்டார்.

"கைராசின்னு ஒண்ணு இருக்கு வீட்ஸ்கே," என்றார் ஒருநாள். "அதை நாம கட்டுரையில எழுத முடியாது, அவ்வளவுதான்."

"நாம இங்க அறிவியல்தானே பண்றோம் ரெய்ண்டர்? கைராசிக்கு அலகு என்ன?"

"யோரிட்," என்றார் அவர். மேசையே சிரித்தது. "உன் கைராசி எத்தனை யோரிட்னு கேட்டா, ஒரு கால் யோரிட் தேறும்."

யோரிட்டும் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் பிரச்சினை. "நான் வேணா பக்கத்துல நின்னு பாக்கட்டுமா வீட்ஸ்கே? எங்கயாவது சின்னதா தப்பு நடக்குதோ என்னவோ."

"வேண்டாம்."

அந்த வசந்தத்தில் ரெய்ண்டர் அவளுடைய ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொன்னார். ஒரு வருஷ உழைப்பு. 'திரும்பச் செய்ய முடியவில்லை' என்று ஒரு வரி எழுதலாமா என்று கேட்டாள். முடியாதது வெள்ளிக்கா உனக்கா என்று தெரியாமல் எழுத வேண்டாம் என்றார். அதே வாரம் இன்னொரு சேதியும் வந்தது. நீண்ட நாள் நிற்கும் வெள்ளியைத் தொடர்ந்து ஆராய இரண்டு வருஷத்துக்கு ஒரு வேலை, ஒரே ஒருவருக்கு. பட்டம் வாங்கப்போகிறவர்கள் இரண்டு பேர். வீட்ஸ்கேவுக்கு அந்த ஊரையும் அந்த வெள்ளியையும் விட்டால் வேறு எதுவும் வேண்டாம். அந்த வேலை தனக்குக் கிடைக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் மேல், ஜூன் மாதம் யோரிட் அவள் மேசைக்கு வந்து நின்றான். ஆய்வேடு அச்சாகி வந்துவிட்டது; நீலநிற அட்டை. முனைவர் பட்டத்துக்காகப் பேராசிரியர்கள் அவையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அதை நிலைநாட்டுகிற நாளில் அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு துணையாட்கள் நிற்க வேண்டும். பழைய காலத்துச் சம்பிரதாயம். பின்னால் வால்போல் நீண்ட கோட்டு உடுத்தி, பேசாமல் விறைப்பாக நிற்பதுதான் வேலை. அதுதான் அங்கே நெருங்கிய சிநேகிதத்துக்குக் கொடுக்கிற பெரிய மரியாதை.

"ஒரு பக்கம் என் அண்ணன். இன்னொரு பக்கம் நீ நிக்கணும்."

"நான் எதுக்கு?"

"இந்த வெள்ளிக்காக என்னைவிட அதிகமா கஷ்டப்பட்டவ நீதான். வேற யாரு?"

கன்னத்தில் அறைந்திருந்தாலும் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. சரி என்று சொன்னாள். அங்கே அதற்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் கீழே பீர் குடிக்கப் போவார்கள். அவை கூட இன்னும் ஆறு நாள் இருந்த அந்த வெள்ளிக்கிழமை, கண்ணாடிச் சாமான் கழுவும் முறை தன்னுடையது என்று சொல்லி வீட்ஸ்கே பின்தங்கினாள். வெயில் ஜன்னல் வழியாக மேசையெல்லாம் கொட்டிக் கிடந்தது. அவள் யோரிட்டின் அலமாரியைத் திறந்து ஏழாம் குப்பியை எடுத்தாள். ஏன் ஏழு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த மெழுகுப் படலத்தைப் பிரித்தாள். அந்தப் பன்னிரண்டையும் யாரும் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. காற்றுப் படக்கூடாது என்று மூடியபடியே ஒளியில் வைத்து அளப்பார்கள். மனசில் ஒரே எண்ணம்தான் இருந்தது: இதுவும் சாகட்டும். ஒன்றாவது சாகட்டும்.

சிட்ரேட்டால் நிற்கிற வெள்ளியைக் கொல்ல உப்புத் தண்ணீர் போதும். உப்புப் பட்டதும் துகள்களுக்கு இடையிலான தள்ளல் போய்விடும். எண்ணிப் பத்து முடிவதற்குள் சாம்பலாகிவிடும். மூன்று சொட்டு விட்டாள்.

பத்து எண்ணினாள். நூறு எண்ணினாள். குப்பி மஞ்சளாகவே நின்றது.

உப்புத் தண்ணீர்தானா என்று நாக்கில் தொட்டுப் பார்த்தாள், ஆய்வகத்தில் யாரும் செய்யக்கூடாத காரியம். உப்புத்தான். காலையில் தானே செய்துவைத்திருந்த புது வெள்ளியில் அதையே மூன்று சொட்டு விட்டாள். கண் முன்னால் கறுத்துப் போனது. மறுபடி ஏழாம் குப்பியில் பத்துச் சொட்டு விட்டாள். அசையவில்லை.

அப்போதுதான் பொறாமைக்காரி பின்னுக்குப் போய் ஆராய்ச்சிக்காரி முன்னால் வந்தாள். உப்புக்கு அசையாத வெள்ளி சிட்ரேட்டால் நிற்கிற வெள்ளியே இல்லை. வேறு ஏதோ பிசின் போன்ற ஒன்று துகள்களுக்குச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறது. யோரிட்டின் நீல அட்டைப் புத்தகமோ முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை சிட்ரேட்டைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சாதித்தது. அவன் உப்புச் சோதனை செய்யாமலில்லை. செய்த எல்லாமும் அடுப்பிலிருந்து இறக்கிய புது வெள்ளியில்; அது ஒழுங்காகக் கறுத்தது. அப்படியானால் அந்தச் சட்டை குப்பிக்குள் போன பிறகுதான் ஏறியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமைக் காபியில், பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டாள். "அந்தப் பன்னிரண்டு குப்பி எங்க வாங்கின யோரிட்? மூடி நல்லா இருக்கு."

யோரிட்டுக்கு முகம் மலர்ந்தது. "வாங்கினதா? நம்ம மாடி நடையில இருக்கே, வேண்டாததை வச்சுட்டுப் போற அலமாரி, அதுல கிடந்துச்சு. மூணாம் மாடில பெயின்ட் ஆராய்ச்சி பண்றவங்க ஒரு பெட்டி நிறைய வச்சிருந்தாங்க. மூடியோட."

"இதுதான் மூளை," என்றார் ரெய்ண்டர் மெச்சிக்கொண்டு. "நல்ல குப்பி இருக்கும்போது புதுசு எதுக்கு?" சொல்லிவிட்டு வீட்ஸ்கேவைப் பார்த்தார். புதுக் குப்பி வரவழைத்தவள் அவள்தானே.

"கழுவினியா?"

"ரெண்டு தடவை தண்ணில அலசினேன். பாக்கறதுக்குப் பளிச்சுனுதான் இருந்துச்சு."

பெயின்ட்டில் நிறப்பொடி அடியில் தங்காமல் இருக்க மூணாம் மாடிக்காரர்கள் ஒரு பசையைச் சேர்ப்பார்கள். அது காய்ந்தால் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும், பார்த்தால் தெரியாது, இரண்டு அலசலுக்குப் போகவும் போகாது. பதினாறு மாதமாக யோரிட்டின் வெள்ளியைக் காப்பாற்றியது அழுக்கு. அவளுடையதைக் கொன்றது சுத்தம். வீட்ஸ்கே அன்று பகல் முழுக்கச் சந்தோஷத்தில் மிதந்தாள். மதியச் சாப்பாட்டில் சீஸ் ரொட்டிக்கு இரண்டு தம்ளர் மோர் குடித்தாள்.

சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அடுத்தவன் ஆய்வைக் கெடுக்க முத்திரையைப் பிரித்து உப்பு ஊற்றினேன் என்றா சொல்வது? நான்கு வருஷத்தில் தன் நோட்டுப் புத்தகத்தில் அவள் குறிக்காமல் விட்ட ஒரே காரியம் அதுதான்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை சொன்னாள். நல்ல மனசால் சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். அவன் முகம் எப்படிப் போகும் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அதற்காகச் சொன்னாள். இருவரும் வாடகைக் கோட்டு எடுக்கிற கடையில் இருந்தார்கள். யோரிட் ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டு நின்றான். கடைக்காரம்மா குண்டூசி எடுக்க உள்ளே போயிருந்தாள்.

"உன் ஏழாம் குப்பியைத் திறந்தேன். உப்பு விட்டேன். கறுக்கல."

அவன் திரும்பிப் பார்த்தான். புரிந்துகொள்ள அவனுக்கு நேரமே ஆகவில்லை. கைராசிக்காரன் என்றாலும் முட்டாள் இல்லை. "குப்பி," என்றான். "பெயின்ட்."

"ஆமா."

முகம் போனது. அவள் எதிர்பார்த்த மாதிரியேதான் போனது, வெளுத்து, உதடு உலர்ந்து. பார்க்க அவ்வளவு இனிப்பாக இல்லை.

"எதுக்குத் திறந்த?" என்றான்.

"கெடுக்கத்தான்."

"சந்தேகத்துல இல்லையா?"

"இல்ல. பொறாமைல. உன்னைப் பாத்தா எனக்கு ஆகல யோரிட். ரொம்ப நாளா ஆகல."

கோட்டின் இன்னொரு கை அவன் முதுகுப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரம்மா வந்து அவனைத் திருப்பி நிறுத்தி ஊசி குத்த ஆரம்பித்தாள். "கையை நேரா வச்சுக்கங்க," என்றாள். அவன் வைத்துக்கொண்டான்.

"இன்னிக்கு என்கிட்ட பேசாத," என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வியாழக்கிழமை மட்டும் வந்து நில்லு. அம்மாகிட்ட உன் பேரைச் சொல்லிட்டேன்."

புதன்கிழமை அவன் மூன்றாம் குப்பியையும் ஒன்பதாம் குப்பியையும் தானே திறந்து உப்பு விட்டதை அவள் கதவிடுக்கில் பார்த்தாள். சீட்டியடிக்கவில்லை.

வியாழக்கிழமை அவை நிறைந்திருந்தது. கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் பேராசிரியர்கள் அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். யோரிட் நடுவில், இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் வீட்ஸ்கே. வாடகைக் கோட்டு அவளுக்குத் தோளில் இடித்தது. மூன்றாவதாகக் கேள்வி கேட்டவர் கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியை; குட்டையான, பூனைக் குரல்காரி.

"உங்க புத்தகம் அழகா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். பழைய குப்பிகள்ல உப்பு விட்டுப் பாத்தீங்களா?"

வீட்ஸ்கே ஓரக்கண்ணால் யோரிட்டைப் பார்த்தாள். இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இங்கே வரைக்கும் வந்தவனை யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. செய்திருக்கலாமே என்று வருத்தப்பட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

"பெருமதிப்புக்குரிய பேராசிரியரே," என்று முறைப்படி ஆரம்பித்தான் யோரிட். "பார்த்தோம். புத்தகம் அச்சுக்குப் போன பிறகு. எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. என் வலப்பக்கம் நிற்கும் வீட்ஸ்கேவிடம் ஏழாம் குப்பியைத் திறந்து உப்பு விடும்படி கேட்டுக்கொண்டேன். அவர் விட்டார். கறுக்கவில்லை. ஆகவே அந்தப் பன்னிரண்டு குப்பிகளைப் பற்றிய என் ஐந்தாம் அத்தியாயம் தவறு."

அவையில் ஒரு சலசலப்பு. அவன் நிறுத்தாமல் குப்பி, அலமாரி, பெயின்ட், பசை எல்லாவற்றையும் சொன்னான். வீட்ஸ்கேவின் சுத்தமான குப்பிகளில் நடந்ததுதான் உண்மை என்றும், அவள் அதை ஐந்து தடவை காட்டியும் தானோ ஆய்வகமோ நம்பவில்லை என்றும் சொன்னான். கென்ட் பேராசிரியை முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், கண் மினுங்கியது. பின் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வீட்ஸ்கே விறைத்து நின்றாள். தோற்கிறபோதுகூட இவனுக்கு இவ்வளவு அழகாகத் தோற்க வருகிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே தன்னைக் காப்பாற்றவும் செய்கிறான், கேட்காமலே.

மணிகள் கட்டிய கோலைத் தரையில் தட்டி, நேரம் ஆயிற்று என்று லத்தீனில் முழங்கினார் கட்டியக்காரர். பேராசிரியர்கள் எழுந்து முடிவெடுக்க உள் அறைக்குப் போனார்கள்.

ஐந்து நிமிஷத்தில் ரெய்ண்டர் மட்டும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வீட்ஸ்கேவைக் கூப்பிட்டார். நடையில் யாரும் இல்லை. அங்கிக்குள் இன்னும் உயரமாகத் தெரிந்தார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். நாலு வருஷமா யோரிட்டைப் பாக்கறேன். சந்தேகம்ங்கிறதே அவனுக்கு வராது. உப்பு விடணும்னு நெனச்சது யாரு?"

அவள் தோளில் இடித்த கோட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ரெண்டு வருஷ வேலை இனிமே அந்த அழுக்குக் குப்பியைப் பத்தினது. அதை நெனச்சவங்களுக்குத்தான் குடுப்பேன். நீதான்னா சொல்லு, இப்பவே உனக்கு. ஆனா அவன் அவைக்கு நடுவுல நின்னு நடக்காததைச் சொல்லியிருந்தா, நான் உள்ள போய் அதையும் சொல்லியாகணும். நீ திறந்தியா, அவன் திறக்கச் சொன்னானா?"

நான்தான் என்று சொன்னால் வேலை அவளுக்கு. யோரிட்டின் பட்டம் அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுபோகும். இந்த இரண்டையும்தான் அவள் இத்தனை நாளாக வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே தட்டில் வந்து நின்றன.

கதவிடுக்கில் யோரிட்டின் முதுகு தெரிந்தது. அவன் அம்மா எட்டிக் கை நீட்டி அவன் காலரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து கொடுத்தான். அவன் தனக்குப் போட்ட பிச்சையில் வாழ்வதா, பதிலுக்கு நானும் போடுகிறேன் என்று வீட்ஸ்கேவுக்குக் கோபம் வந்தது; அந்தக் கோபத்தைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள், வேறு எதையும் நம்பி அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது.

"அவன்தான் சொன்னான்," என்றாள். "எனக்கு இதெல்லாம் தோணாது ரெய்ண்டர். கால் யோரிட்தானே நான்."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

பட்டச் சுருளைக் கொடுத்துவிட்டு, வழக்கப்படி ரெய்ண்டர் புகழுரை படித்தார். தன் உழைப்பின் மேலேயே உப்பை ஊற்றச் சொல்லும் தைரியம் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்றார். அப்படிப்பட்டவரை விட்டுவிட மனமில்லை, இரண்டு வருஷம் எங்களோடு இருக்கச் சம்மதிக்க வேண்டும் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அவையே கைதட்டியது. பக்கத்தில் நின்ற வீட்ஸ்கேவால் அதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியாது, சொல்லிக்கொடுத்தவள் அவள்.

யோரிட் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். காது வரை சிவந்திருந்தது. இந்த மாதிரி விஷயங்கள் எதுவும் உறைக்காதவனுக்கு இது உறைத்துவிட்டது. அவன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான்.

வீட்ஸ்கே அங்கியும் தொப்பியுமாக இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே, குதிகாலால் அவன் காலை மிதித்தாள். வாயை மூட வைக்க லேசாக மிதித்தாலே போதும். அவள் பலமாகவே மிதித்தாள்.